எந்தத் தொழிலை வாங்குவது?

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நம் இளைஞர் சிலர் நடந்துகொண்டிருக்கும் கடையொன்றை வாங்கிச் சொந்தக் காலில் நிற்க எண்ணுகின்றனர். முதலோ, பெரும்பாலும் தந்தையார் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தபோது கைக்கு வந்த சேமலாப நிதி. அது ஒருமுறைதான் வரும். ஆகவே, கடை என்ன விலை என்று கேட்குமுன், அத்தொழில் எதை நம்பி நிற்கிறது என்று கேட்கவேண்டும்.

நம் மலைகளே இதற்குச் சான்று. ஒரு காலத்தில் கண்டிச் சீமையெங்கும் கோப்பிதான். 1869 இல் இலைநோய் தோன்றிற்று. அடுத்த இருபதாண்டில் கோப்பி பெரும்பாலும் அழிந்தது. அதிலே பெரும்பணம் முடக்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் முறிந்தது. ஜேம்ஸ் டெயிலரோ லூல்கந்துரவில் 1867 இலேயே, நோய் வருமுன்பே, 19 ஏக்கரில் தேயிலை நட்டுவிட்டார்.

நோய் மட்டுமன்று, வர்த்தமானி அறிவித்தலும் ஒரு தொழிலை ஆக்கும், அழிக்கும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தபோது உள்ளூர்த் தறிகள் ஓடின. 1977 இன் பின் கதவு திறந்ததும் எத்தனையோ தறிகள் ஓய்ந்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிற்று. அவ்வாண்டு சித்திரையில் உரக்கடை வாங்கியவர் நிலையை எண்ணிப் பாருங்கள்! மாறாக, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியதாயிற்று. அத்தடை 2025 இல் தளர்ந்தது. ஆகவே, அந்த ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டிக் கராஜ் விற்க வருபவரிடம் தடைக்கு முந்திய கணக்கையும் கேளுங்கள்.

கண்டியிலே கவர்ச்சி மிக்கது விடுதித் தொழில். பெரஹரா நாட்களில் அறை கிடைப்பதே அரிது. ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொள்ளைநோய், 2022 எரிபொருள் தட்டுப்பாடு என அடிமேல் அடி விழுந்ததும் இதற்கே. பெரஹரா மாதத்தைப் பார்த்து விடுதிக்கு விலை பேசுவது, தேர்த்திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துக் கோயில் வருமானத்தை மதிப்பது போலாகும்.

என் எண்ணத்தில், பேராதனைப் பக்கம் பல்கலைக்கழகத்தையும் ஆஸ்பத்திரியையும் அண்டி நிற்கும் சாப்பாட்டுக்கடை இவற்றினும் மேல். பல்கலைக்கழகம் மூடியிருக்கும் நாட்களிலும் ஆஸ்பத்திரிக்கு ஆள் வரும். மருந்துக்கடையும் நல்லதே, ஆனால் பதிவுபெற்ற மருந்தாளர் இன்றி அதை நடத்தவியலாது. இருப்பவர் பழைய முதலாளியோடு போய்விடுவாரா என்பதை முதலில் விசாரியுங்கள்.

இன்னொன்று. நகரில் பல கடைகளுக்குக் கட்டடம் வேறொருவருடையது. அவரை நேரிற் கண்டு, உங்கள் பெயரில் எத்தனை ஆண்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவார் என்று கேட்டறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.