நாற்காலி கேட்டவரின் பேரப்பிள்ளைகள்



‘கிறிஸ்தவத் தலைமையும் சமூக ஒற்றுமையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றுமை என்று இனிக்க இனிக்கப் பேசி, பொன்னாடை வாங்கிக்கொண்டு போய்விடலாம். நான் ஒரு நாற்காலியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

1910, ஜூன் மாதம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. முப்பத்தாறு வயதுகூட நிறையாத அந்தக் குருவானவர் மகன், சோறு போட்டவர்கள் முகத்துக்கு நேரே என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் தியாகத்தை மறக்கமாட்டோம். ஆனால் உங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் உட்கார ஒரு நாற்காலி போட மாட்டேன் என்கிறீர்களே என்றார். அவர் பணம் கேட்கவில்லை, நட்பைக் கேட்டார். கேட்டவர்களில் பலருக்குக் கசந்தது. கசக்கட்டும் என்றுதான் சொன்னார்.

அசரியா வெறும் பேச்சுக்காரர் இல்லை. 1903-லேயே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கக் காரணமாக நின்றவர். நம் ஆட்கள், நம் காசு. அன்றைய நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு படித்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தோர்ணக்கல் பக்கம் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சாதியாரும் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காதவர்கள். அவர்களை ஒரே நற்கருணைப் பந்திக்கு அழைத்தார். வெள்ளைக்காரனிடம் நாற்காலி கேட்டவர், தனக்குக் கிடைத்த நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார். கிறிஸ்தவத் தலைமை என்றால் அதுதான்!

இனி நம் பக்கம் வருவோம். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலை 1872-ல் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டினார்கள். ஒரு கிளையில் வேளாளர், மறு கிளையில் நாடாரும் பிறரும், நடுவில் சுவர். அதை இடித்தவர் கௌசானல் சுவாமி, பிரெஞ்சுக்காரர். இடித்தது எப்போது? அதே 1910 வாக்கில்! அங்கே ஒரு தமிழன் வெள்ளைக்காரனிடம் நாற்காலி கேட்கிறான். இங்கே ஒரு வெள்ளைக்காரர் தமிழன் எழுப்பிய சுவரை இடிக்கிறார். சுவர் போச்சே என்று நம் ஆட்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். தோற்றுத் திரும்பினார்கள்.

தோற்றதோடு முடிந்ததா? நாளைக் காலையில் குற்றாலத்தில் குளிக்கப் போவீர்கள். பேரருவிக்கு அடியில் துண்டோடு நிற்கிறவனிடம் நீ என்ன ஆட்கள் என்று யாரும் கேட்பதில்லை. தோளும் தோளும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். அப்படி முட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேர் ஒரே சபைக்காரர்களாக இருந்து, ஊருக்குப் போய்ச் செத்தால் இரண்டு கல்லறைத் தோட்டம்! ஊர்ப் பெயர் சொல்லமாட்டேன். நான் நின்று பார்த்திருக்கிறேன். நடுவில் ஆள் உயரச் சுவர். உயிர்த்தெழுதல் அன்று எந்தப் பக்கத்துக் கதவு முதலில் திறக்கும் என்று யாராவது யோசித்தீர்களா?

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவனைப் பட்டியலினத்துக்கு வெளியே நிறுத்துகிறது. அதை எதிர்த்துப் போராடுகிறோம். நியாயமான போராட்டம், நானும் கொடி பிடிக்கிறேன். ஆனால் கிறிஸ்தவத்துக்குள் சாதி இருக்கிறது என்பதற்கு நாம் காட்டும் சாட்சி எது? நம் கல்லறைச் சுவர்! டெல்லியில் அதைக் காட்டி நீதி கேட்கிறோம், ஊரில் அதற்கே சுண்ணாம்பு அடிக்கிறோம்.

இதோ, நாம் கூடியிருக்கும் தென்காசிக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரம். 1981-ல் ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்குப் போனார்கள். நாடே அலறியது. யார் தூண்டினார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். நாம் நம்மைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மரியாதையைத் தேடிக் கிளம்பிய மக்கள் நம் கோவில் வாசலை ஏன் தாண்டிப் போனார்கள்?

“இதெல்லாம் சமூகப் பழக்கம் ஐயா, இரட்சிப்பு வேறு” என்பார்கள். அப்படியென்றால் ‘இரட்சிக்கப்பட்ட, இன்ன சாதி மணமகன் தேவை’ என்று விளம்பரம் கொடுக்கும்போது மட்டும் இரண்டும் ஒரே வரியில் எப்படி உட்காருகின்றன? திருமண்டலத் தேர்தல் வந்தால் ஜெபத்தை முந்திக்கொண்டு சாதிக் கணக்கு வருகிறதே, அது எந்த ஆவியின் வரம்?

“நம் வீட்டு அழுக்கை மேடையில் அலசலாமா?” என்று கேட்பார்கள். அசரியா எடின்பரோவில் அலசினார், திருச்சபை செத்துவிடவில்லை. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது அவரைப் போன்றவர்கள் உழைத்த உழைப்பால். அழுக்கை மூடி வைத்த வீட்டில்தான் ஆள் தங்குவதில்லை.

நான் கேட்பது மூன்றே காரியம். அசனப் பந்தியில் ஆண்டுக்கு ஒருநாள் எல்லோரும் சேர்ந்து உட்காருகிறீர்கள் அல்லவா, அந்தப் பந்தி முறை கல்லறைக்கும் வரட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “உங்கள் சாதியல்லாத சபையார் வீட்டில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை வேறு சாதியில் பெண்ணையோ பையனையோ கூட்டிவந்தால், முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்.

கடைசியாக ஒரு சொல். இந்த ஊர்க் காசி விசுவநாதர் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இக்கோவிலுக்குக் குறை வந்தால், அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே பணிகிறேன் என்கிறான். யாராக இருந்தாலும்! முடி சூடிய ராஜா, பிறக்காத ஒருவனுக்கு முன்கூட்டியே தலை வணங்குகிறான். சீஷர்களின் காலைக் கழுவியவரைக் கும்பிடுகிற நமக்கு, இதை ஒரு சிவபக்தன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நானும் அவனைப் பார்த்தே படித்துக்கொள்கிறேன். அந்தக் கல்லறைச் சுவரில் முதல் கடப்பாரையைப் போடப்போகிறவன் எந்தச் சாதியில் பிறந்தவனோ, எனக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். தம்பி, உன்னை இப்போதே கும்பிடுகிறேன்.