போடிமெட்டு வளைவில் வந்த சத்தம்: எல்.எஸ்.டி. வண்டிக்கு எந்த கியர் ஆயில்?

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. காருக்குப் பின்னாடி, அடியில இருந்து "கட்... கட்... கட்..."னு வர்ற சத்தம். இடம், போடிமெட்டு மலைப்பாதை.

போடிநாயக்கனூர் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தேனி மாவட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், ஏலக்காய் ஊரு. ஆனா ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் மேலே, கேரளாவோட இடுக்கிப் பக்கம். விடிகாலையில தோட்ட வேலைக்கு ஆளுங்க ஜீப் ஜீப்பா மேல போவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. முந்தல் தாண்டினா போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏற்றம்.

எங்க மாமா அங்கதான் இருக்காரு. போன வருஷம் ஒரு பழைய எஸ்யூவி வாங்கினாரு, செகண்ட் ஹேண்ட். மழைக்காலத்துல தோட்டத்து மண் ரோட்டுல சிக்காம போகணும்னு தேடிப் பிடிச்சு வாங்கின வண்டி. பின்னாடி லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கு. சுருக்கமா எல்.எஸ்.டி. (தயவுசெஞ்சு அதை மட்டும் தனியா கூகுள்ல போட்டுத் தேடாதீங்க, வேற ஏதாவது வரும்!)

வாங்கின கையோட எல்லா ஆயிலையும் மாத்தினாரு. ரெண்டு வாரத்துல சத்தம் ஆரம்பிச்சுது. மதுரை ரோட்டுல நேரா ஓட்டுனா ஒண்ணும் இல்ல. மலை ஏறி வளைவுல திருப்பினா பின்பக்கம் துடிக்குது. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா, "கிரவுன் போச்சு சார், இறக்கணும்"னுட்டாங்க. அவங்க சொன்ன செலவைக் கேட்டு மாமா ரெண்டு நாள் சரியா சாப்பிடல.

அப்புறம் ஜீப்புக்கே வேலை பாக்குற ஒரு பெரியவர்கிட்ட போனோம். அவர் வண்டியைத் தொடக்கூட இல்ல. ஒரே கேள்விதான்: "தம்பி, கடைசியா கிரவுனுக்கு என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"140 ஆயில்ண்ணே. மலைக்கு அதான் நல்லதுன்னு சொன்னாங்க."

"ஜீப்புக்கு ஊத்துற மாதிரியே ஊத்திட்டாங்க. இது ஜீப் கிரவுன் இல்லையே!"

இந்த ஒரு வரிதான் இன்னைக்கு விஷயம். பொறுமையா பிரிச்சுப் பாப்போம்.

ஒரு வளைவுக்கு 4.7 மீட்டர்

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். எவ்வளவு வித்தியாசம்? ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல 1.5 மீட்டர் இருக்குன்னு வைங்க. முழுசா 180 டிகிரி திரும்பினா வித்தியாசம் 1.5 பெருக்கல் 3.14, அதாவது சுமார் 4.7 மீட்டர். வளைவு பெருசா சின்னதாங்கிறது கணக்குலயே வராது. போடிமெட்டு மாதிரி 17 தடவை திரும்பினா, கிட்டத்தட்ட 80 மீட்டர்.

சாதாரண டிஃபரன்ஷியல் இந்த வித்தியாசத்தைச் சும்மா விட்டுக்கொடுத்துடும். அதோட குறையும் அதேதான். ஒரு சக்கரம் சேத்துல வழுக்கினா அந்தச் சக்கரமே சுத்திக்கிட்டு இருக்கும், இன்னொண்ணு அசையாது. போடி ஜீப்புங்க பெரும்பாலும் இந்த வகைதான். அந்த டிரைவர்கள் அனுபவத்தாலதான் சேத்தைத் தாண்டுறாங்க.

இது ரேஸ் கார்க்காரங்களுக்கும் இருந்த தலைவலிதான். 1930கள்ல ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள்ல இன்ஜின் சக்தி ஜாஸ்தி, ஒரு பின் சக்கரம் வெட்டியா சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்குத் தீர்வா ஃபெர்டினாண்ட் போர்ஷே, இசட்.எஃப். கம்பெனிகிட்ட கேட்டு வாங்கினதுதான் எல்.எஸ்.டி.

பரவலா இருக்கிற எல்.எஸ்.டி. வகையில, டிஃபரன்ஷியல் உள்ளேயே சின்னச் சின்ன கிளட்ச் பிளேட் அடுக்கி இருக்கும். அது ரெண்டு சக்கரத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிச்சுக்கும். ஒண்ணு வழுக்கினா இன்னொண்ணுக்கும் இழுவை போகும். ஆனா வளைவுல அந்த 4.7 மீட்டர் வித்தியாசம் இருக்குல்ல? அதை இந்தப் பிளேட்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு உரசி வழுக்கித்தான் சமாளிக்கணும். உரசுறது ஆயிலுக்குள்ள. அதாவது எல்.எஸ்.டி.ல ஆயில் வெறும் மசகு இல்ல, அதுவும் ஒரு பார்ட்.

சத்தம் ஏன் வருது?

வீட்டுல கனமான பீரோவைத் தள்ளிப் பாருங்க. முதல்ல நகராது. திடீர்னு ஒரு இழுப்பு இழுத்து நகரும், மறுபடி நிக்கும். தரையில "டர் டர்"னு சத்தம். நிக்கிறப்போ இருக்கிற உராய்வு, நகர்றப்போ இருக்கிறதைவிட அதிகம். அதான் காரணம். சாதாரண கியர் ஆயிலுக்குள்ள இருக்கிற பிளேட்டுகளும் வளைவுல இப்படித்தான் பிடிச்சு, விட்டு, பிடிச்சு, விட்டு துடிக்கும்.

இதைச் சரிபண்ண ஆயில்ல கலக்குற சேர்க்கைக்குப் பேரு ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். பிளேட் "பிடிச்சு விடுறதை" நிறுத்தி, வழுவழுன்னு நகர வைக்கும். சில ஆயில்ல ஏற்கனவே கலந்திருக்கும், டப்பாவுல எல்.எஸ். இல்லன்னா எல்.எஸ்.டி.னு போட்டிருக்கும். சிலதுல தனி பாட்டிலா வாங்கி ஊத்தணும்.

ஜாஸ்தி ஊத்தினா இன்னும் நல்லதா? இல்லங்க. அளவு மீறினா பிளேட் பிடிக்கவே பிடிக்காது. காசு குடுத்து வாங்கின எல்.எஸ்.டி. சாதாரண டிஃபரன்ஷியல் ஆயிடும். அதுவும் உங்களுக்குத் தெரியாது, சேத்துல மாட்டுற அன்னைக்குத்தான் தெரியும்.

சரி, எதை வாங்குறது?

முதல்ல உங்க வண்டியில என்ன வகை இருக்குன்னு பாருங்க. மேனுவல்ல இருக்கும். பல வண்டிகள்ல ஆயில் ஊத்துற போல்ட் பக்கத்துலயே "எல்.எஸ்.டி. ஆயில் மட்டும்"னு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். கிளட்ச் பிளேட் வகைன்னா மேலே சொன்னது பொருந்தும். டார்சென் மாதிரி முழுக்க கியர்லயே வேலை செய்யுற வகைக்குப் பொதுவா ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் வேண்டாம். மஹிந்திரா தார் மாதிரி வண்டிகள்ல வர்ற மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் வேற ரகம். அதுக்குக் கம்பெனி சொன்ன ஆயிலை அப்படியே பின்பற்றுங்க.

ரெண்டாவது, ஜி.எல். நம்பர். பின் ஆக்ஸிலுக்கு பெரும்பாலும் ஜி.எல்-5. கிரவுன்–பினியன் பல்லு ஒண்ணு மேல ஒண்ணு பயங்கர அழுத்தத்துல சறுக்கும், அதுக்கான கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கை இதுல அதிகம். மிச்சம் இருக்கேன்னு அதையே கியர்பாக்ஸ்ல ஊத்திடாதீங்க. பல பழைய கியர்பாக்ஸுக்கு ஜி.எல்-4தான். உள்ளே இருக்கிற பித்தளை சிங்க்ரோ ரிங்கை ஜி.எல்-5 கெடுக்கலாம்.

மூணாவது, கெட்டி. 80டபிள்யூ-90னு போட்டிருந்தா, முதல் நம்பர் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லுது. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரி வரைக்கும் தாங்கணும். போடிக்கும் சென்னைக்கும் அது பிரச்சினையே இல்ல. ரெண்டாவது நம்பர்தான் முக்கியம்: 100 டிகிரி சூட்டுல எவ்வளவு கெட்டியா இருக்கும்னு. 140, 90-ஐ விட நல்லாவே கெட்டி. பாரம் ஏத்துற பழைய ஜீப்புக்கு அது சரியா இருந்திருக்கலாம், அந்த மெக்கானிக்குங்க அனுபவம் பொய்யில்ல. ஆனா மேனுவல் 90னு சொன்னா 90தான். முக்கியமா, கெட்டி வேற, ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் வேற. 140 ஊத்தினா பிளேட் துடிக்கிறது நிக்காது.

மாத்தும்போது

ஆயில் ஊத்துற போல்ட்டை முதல்ல கழட்டுங்க. அது கழண்ட பிறகுதான் கீழ்ப் போல்ட். இல்லன்னா பழசு எல்லாம் வடிஞ்சிருக்கும், புதுசு ஊத்த வழி இருக்காது. காந்தத்துல மாவு மாதிரி சாம்பல் பசை இருந்தா சகஜம். துண்டு துண்டா இரும்பு வந்தா ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க. ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு. சூடான ஆக்ஸிலோட ஓடையில இறங்குற வண்டிக்கு இது நடக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறந்துடாதீங்க. எல்.எஸ்.டி. வண்டியில ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கியர் போடவே கூடாது. சாதாரண வண்டின்னா தூக்கின சக்கரம்தான் சுத்தும். இதுல தரையில இருக்கிற சக்கரத்துக்கும் இழுவை போகும். வண்டி ஜாக்கியை விட்டுக் குதிச்சிடும். அடியில யாராவது இருந்தா, யோசிச்சுப் பாருங்க.

மாமா வண்டிக்கு என்ன ஆச்சு? பழசை வடிச்சோம். காந்தத்துல வெறும் பசைதான், நிம்மதி. மேனுவல் சொன்ன கெட்டியில எல்.எஸ். ஆயில் ஊத்தினோம். காலி மைதானத்துல மெதுவா எட்டு போட்டு எட்டு போட்டு ஓட்டினோம், பிளேட்டுக்கு நடுவுல ஆயில் ஏறணும்ல. முதல் சில எட்டுல துடிச்சுது. அப்புறம் அடங்கிடுச்சு. மறுநாள் காலையில முந்தல்ல இருந்து மேல போனோம். 17 வளைவும் எண்ணிக்கிட்டே போனாரு மனுஷன். சத்தமே இல்ல.

எல்லாச் சத்தமும் ஆயிலால வராது, அதையும் சொல்லிடுறேன். நேர் ரோட்டுல வேகத்தோட கூடுற "ஊஉஉ" சத்தம்னா பேரிங்கையோ கிரவுனையோ பாக்கணும். ஆனா சத்தம் மெதுவா திருப்பும்போது மட்டும் வந்தா, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல யூ-டர்ன் போடும்போது வந்தாலும் சரி, கிரவுனை இறக்கச் சம்மதிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்க: கடைசியா என்ன ஆயில் ஊத்தினோம்?

அடுத்த எபிசோட்ல பாப்போம். பாத்து ஓட்டுங்க.