எத்தனை மார்க் போடலாம்?

(மாணவர் விடுதி ஒன்றில் 'ஃபன்ட்ரி' திரையிடலுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரிதும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

சினிமாவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சினிமாக்காரன் இல்லை, விமர்சகனும் இல்லை. காசு குடுத்து டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிற ஆள். அதனால் படங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை. படம் விட்டு வெளியே வந்ததும் நாம் பேசுகிறோமே, 'ஒரு தடவ பாக்கலாம்', 'செம மொக்க', 'பத்துக்கு ஏழு குடுக்கலாம்பா' என்று, அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

சும்மா பொழுதுபோக்காப் பேசுறது, இதுல என்ன அரசியல்னு கேட்கலாம். டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் வைத்தவனும் அது சும்மா ஒரு ஏற்பாடு என்றுதான் சொன்னான்.

முதலில் எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பார்ப்போம். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக வைத்து எழுதிய சிறு நூலில் ஒன்று சொல்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான். அங்கே இடத்தைத் தீர்மானித்தது அந்தஸ்து அல்ல, வாங்கும் சக்தி என்கிறார். ஊர்க் கூத்தைத் தள்ளி நின்று பார்த்தவன், கோயில் கச்சேரிப் பக்கமே போக முடியாதவன், டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தான். பக்கத்தில் யார் என்று இருட்டில் தெரியாது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் தரை டிக்கெட்டுக்கு யார் போனார்கள், சேர் டிக்கெட்டுக்கு யார் போனார்கள்? காசும் சாதியும் நம்ம நாட்டில் தனித்தனி வண்டியிலா போகிறது? 2023 மார்ச்சில் சென்னைத் தியேட்டர் ஒன்றில், 'பத்து தல' படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். யு/ஏ படம், குழந்தைகளை விட முடியாது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. நிறுத்தியதை வீடியோவில் ஊரே பார்த்தது. சான்றிதழ் விதியெல்லாம் ஊசிமணி விற்கிற ஜனங்க வந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வரும்போல.

அடுத்து மார்க். பத்திரிகை மார்க் போடுவது நமக்குப் பழகிய விஷயம். 1977இல் 'பதினாறு வயதினிலே' படத்துக்கு விகடன் 62.5 போட்டதை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நம்ம பிள்ளைகளுக்கு யார் மார்க் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதை அனுபவித்தவர்கள் நாம். மார்க் என்றாலே அதைப் போடுகிற கை ஒன்று இருக்கிறது. ஆனால் எண்ணுக்குக் கை தெரியாது. 'கதை ஆறு, நடிப்பு எட்டு' என்று எழுதிவிட்டால், எழுதினவன் ஊரில் வசிக்கிறானா சேரியில் வசிக்கிறானா என்ற கேள்வியே எழாது. எண் தன்னை நடுநிலை என்று காட்டிக்கொள்கிறது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தது. ஐ.எம்.டி.பி. பட்டியலில் பார்வையாளர்கள் போட்ட மார்க் 9.6. ஹாலிவுட்டின் 'ஷஷாங்க் ரிடெம்ப்ஷன்' 9.3இல் நின்றது, அதையும் தாண்டியாச்சு என்று கொண்டாடினோம். நானும் சந்தோஷப்பட்டேன், இல்லேன்னு சொல்லல. பிறகு அது ஒன்பதுக்குக் கீழே வந்தது; அது கிடக்கட்டும். படத்துக்கு அடிப்படையான ராஜாக்கண்ணு வழக்கு நடந்தது 1993இல். உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2006இல். நடுவில் 13 வருஷம். ராஜாக்கண்ணு குறவர், படத்தில் இருளர் ஆக்கினார்கள். அழுதுகொண்டே பத்துக்குப் பத்து போட்டவர்களில் எத்தனை பேர், தங்கள் தெருவில் திருட்டு நடந்தால் முதலில் எந்தக் குடிசையைப் பார்ப்பார்கள்? 9.6 இதைச் சொல்லாது.

அதே படத்தில் ஒரு காட்சியில் போலீஸ்காரர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வன்னியர் சங்கத்தின் அக்னி கலசம் இருக்கிறது என்று எதிர்ப்பு வந்தது. உடனே காலண்டரை மாற்றினார்கள். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். ஐந்து கோடி இழப்பீடு கேட்டு நோட்டீஸும் போனது. சரி, பார்வையாளருக்கு எதிர்ப்புச் சொல்ல உரிமை உண்டு. 1992 தீபாவளிக்கு வந்த 'தேவர் மகன்' பாட்டு ஊர்வலங்களில் நம்ம தெருவைக் கடக்கும்போது சத்தம் கூட்டிப் போடப்பட்டதே, அந்த எதிர்ப்பை யார் கேட்டார்கள்? சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது குடுத்தார்கள். அதுவும் ஒரு மார்க்தான்.

இப்போது அந்த 'ஆனா'வுக்கு வருகிறேன். 2018இல் 'பரியேறும் பெருமாள்' பார்த்துவிட்டு என்னோடு வேலை பார்க்கிறவர் சொன்னார்: "நல்ல படம்தாங்க, ஆனா சாதியத் தூக்கலாக் காட்டாம இருந்திருக்கலாம். இப்பல்லாம் யாரு பாக்குறா?" நல்ல மனுஷர். கெட்ட எண்ணம் கிடையாது. 'சின்ன கவுண்டர்', 'எஜமான்', 'நாட்டாமை' மூன்றையும் அவர் குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர். அவருக்கு அவை குடும்பப் படங்கள். பஞ்சாயத்து மேடையில் துண்டைப் போட்டு ஒருத்தர் தீர்ப்புச் சொன்னால் அது கலாச்சாரம். கல்லூரியில் படிக்கிற பையன் மேல் மூத்திரம் பெய்ததைக் காட்டினால் அது சாதிப்படம். அவர் கழிக்கிற ரெண்டு மார்க் எதற்கு என்று யோசியுங்கள். படம் சரியில்லை என்பதற்கல்ல. தன்னை அந்தப் படத்துக்குள்ளே பார்த்துவிட்டதற்கு.

எல்லாப் படமும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்றும் நினைக்கவேண்டாம். 2023இல் 'மாமன்னன்' வந்தது. 'தேவர் மகன்' இசக்கியைப் பார்த்து உண்டான கேள்விதான் இந்தப் படம் என்று மாரி செல்வராஜ் வெளிப்படையாகவே சொன்னார். இசக்கியாகக் கையிழந்த அதே வடிவேலு இதில் மாமன்னன். என்ன நடந்தது? வில்லன் ரத்னவேலுவை வெட்டியெடுத்து, சாதிப் பாட்டுகளைப் பின்னால் சேர்த்து, அவனையே ஹீரோவாக்கிச் சுற்றுக்கு விட்டார்கள். நாய்களை அடித்துக் கொல்கிறவன் அவர்களுக்குத் தலைவன். பிரதி ஒன்று, வாசிப்பு வேறு என்று நாம் தத்துவமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆதிக்க சாதிப் பையன் அதைச் செய்தே காட்டினான்.

நம்ம பக்கத்தையும் பேசணும். இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை. நம்மாள் எடுத்த படம் என்றால் பத்துக்குப் பத்து, குறை சொன்னால் துரோகி என்று ஒரு வழக்கம் வந்துகொண்டிருக்கிறது. அதன் காரணம் எனக்குப் புரியாமலில்லை. 'மெட்ராஸ்' படத்தில் காளி கையில் 'தீண்டாத வசந்தம்' இருப்பதைப் பார்த்தபோதும், 'கபாலி'யில் ரஜினி கையில் 'மை ஃபாதர் பாலையா'வைப் பார்த்தபோதும் நம்ம பசங்க விசிலடித்தது எதற்கென்று பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தெரியாது. அவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறோம். ஆனால் ரசிகர் மன்றத்துக்கு நீலக்கொடி கட்டினால் அது இயக்கமாகிவிடாது.

'பரியேறும் பெருமாள்' பற்றி ஒரு கூட்டத்தில் ஒரு தோழி எழுந்து கேட்டார். "ஜோவுக்குக் கடைசிவரைக்கும் தன் வீட்டாளுங்க என்ன செஞ்சாங்கன்னே தெரியாதே. அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு முடிவு பண்ணது யாரு? பரியனும் அவ அப்பாவும் உக்காந்து பேசுறாங்க. அவ எங்க?" கூட்டத்தில் சலசலப்பு. ஒரு பையன், "படத்தக் கெடுக்காதீங்கக்கா" என்றான். அந்தக் கேள்வி படத்தைக் கெடுக்கவில்லை. பெண்ணின் தேர்வால்தான் சாதிக் கட்டுமானம் உடையும் என்பதால்தானே ஆணவக்கொலை செய்கிறான். அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிந்தாகவேண்டும். படம் வந்ததிலிருந்து நான் கேட்ட விமர்சனங்களில் உருப்படியானது இதுதான். இதற்கு எத்தனை மார்க் குறைப்பது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மதிப்பெண் போடுகிற முறைக்குள் இந்தக் கேள்வியே நுழையாது.

இன்றைக்குப் பார்க்கப்போவது 'ஃபன்ட்ரி'. மராத்திப் படம், 2013இல் எடுத்தது. நாகராஜ் மஞ்சுளேயின் முதல் முழுநீளப் படம். 'சாய்ராட்' எடுத்தவர் என்றால் தெரியும். கைக்காடிகள் பேசுகிற மொழி நம்ம மொழிக் குடும்பம். அவர்கள் பேச்சில் 'ஃபன்ட்ரி' என்றால் பன்றி. காது குடுத்துக் கேட்டால் நம்ம சொல்தான். பன்றி பிடிக்கிற குடும்பம், பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஜப்யா. நடுவில் தேசியகீதம் வரும் காட்சி ஒன்று இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள், சிரிங்க. செத்த பன்றியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் சுவரில் யார் யார் படம் இருக்கிறது என்று கவனியுங்கள். கடைசியில் அவன் ஒரு கல்லை எறிகிறான். கல் நேரே நம்மைப் பார்த்து வருகிறது.

ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் எத்தனை மார்க் என்று யாரும் கேட்கவேண்டாம். அந்தக் கல் வந்தபோது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், ஜப்யா பக்கமா, வேடிக்கை பார்த்தவர்கள் பக்கமா என்று ஒவ்வொருத்தரும் சொல்லுங்கள். நாம் எல்லாரும் ஜப்யா பக்கம்தான் என்று அவசரப்படாதீர்கள். இந்த விடுதிக்குள்ளேயே யார் யாரைக் கிண்டல் பண்ணுகிறோம், அருந்ததியர் பிள்ளைகளை மெஸ்ஸில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பேசுவோம். பெண்கள் முதலில் பேசட்டும். லைட்டை அணைங்க தோழர்.