"உனக்கு அங்க என்ன சம்பளம்?"

(இங்கிலாந்திலுள்ள எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஏ.எல். சோதனையோடு படிப்பு நின்றுவிட்டது. இலண்டனுக்கு வந்த நாள் முதல் சான்ட்விச் செய்யும் பக்ரறியில் பெல்ற்றுக்கு முன்னால் நிற்கிறேன். சனிக்கிழமைகளில் மட்டும், அகதிகளுக்கும் விசா இல்லாதவர்களுக்கும் உதவுகிற ஒரு தொண்டு வைத்திய நிலையத்தில் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். அதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் அண்ணா என்னைப் பிடித்து இங்கே நிற்பாட்டியிருக்கிறார்.

எங்கட ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி, "உனக்கு அங்க என்ன சம்பளம்?" பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும். அதுக்காக, இலாபம் எடுக்காத நிறுவனம் என்றால் எல்லோரும் சும்மா வேலை செய்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். பொறுப்பாளருக்கும் தாதிக்கும் சம்பளம் உண்டு. டொக்டர்மார்தான் தங்கள் ஓய்வு நாளில் வருகினம். காசு நன்கொடையாலும் அறக்கட்டளைகளாலும் வருகிறது. கொடுக்கிறவர்கள் கணக்குக் கேட்கிறார்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எந்த நாடு, எத்தனை பேரை டொக்டரிடம் பதிந்தீர்கள் என்று. அரைநாள் போம் நிரப்பவே போய்விடும். பக்ரறியிலும் எண்ணுகிறார்கள், இங்கேயும் எண்ணுகிறார்களே என்று எனக்கு முதலில் சலிப்பாக இருந்தது. ஆனால் பக்ரறியில் பெல்ற் ஒரு நிமிசம் நின்றால் சுப்பவைசர் கத்துவான். இங்கே ஒரு ஐயா எங்கே நோகுது என்று சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தார். ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

இப்படியான அமைப்புகள் எங்களுக்குப் புதிது இல்லை. 1971இல் பிரான்சில் தொடங்கிய எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு 1986இல் இலங்கைக்கு வந்தது. இங்கே இலண்டனில், சித்திரவதைக்குள்ளானவர்களைப் பராமரிக்க ஹெலன் பாம்பர் என்ற அம்மையார் 1985இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். எங்களுடையது அவ்வளவு பெரியதில்லை. ஒரு மண்டபம், இரண்டு மறைப்புத் தட்டி, ஒரு கேத்தில்.

வேலை என்னவென்றால், சொல்லை மாற்றுகிறது. சுகம் போலத்தான் தெரியும். ஒரு அம்மா மகனோடு வந்தார். (ஆளையும் இடத்தையும் மாற்றித்தான் சொல்கிறேன், அங்கே கேட்டது வெளியில் வரக்கூடாது.) வேறொரு இடத்தில் மகன்தான் மொழிபெயர்த்தவராம். "எனக்கு ஒரே யோசினை" என்று அம்மா சொல்ல, பிள்ளை இங்கிலிசில் "அம்மா நிறைய சிந்திக்கிறா" என்றிருக்கிறான். அது நல்லதுதானே என்று அங்கே விட்டுவிட்டார்கள். பிழை பிள்ளையில் இல்லை, அவன் இங்கே பிறந்தவன். எங்கட ஊரில் யோசினை என்றால் கவலை, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது. "அந்தரமாக் கிடக்கு" என்பதற்கு இங்கிலிசில் ஒரு சொல் இருந்தால் எனக்குத் தாருங்கோ. நான் மூன்று வசனம் சொல்லித்தான் விளங்கப்படுத்துகிறேன்.

மகனை வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் அந்த அம்மா மாதக்கணக்காக இரத்தம் போவதைச் சொன்னார். பிள்ளைக்கு முன்னால் எப்படிச் சொல்கிறது? தயவுசெய்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. டொக்டரிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும், பெண் வேண்டுமென்றால் பெண் வேண்டும் என்று கேளுங்கோ. அதற்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள்.

இன்னொரு விதி, நோயாளி "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். ஒரு தம்பி தடுப்பில் நடந்ததைச் சொன்னார். "என்ரை கையைப் பின்னால கட்டினாங்கள்." நான் அதை இங்கிலிசில், என்ரை கையை என்றுதான் சொன்னேன். திங்கட்கிழமை பெல்ற்றில் பாணுக்கு முட்டை வைக்கும்போது அந்த வசனம் வந்து நின்றது. அப்படியான நாட்களில் பொறுப்பாளர் என்னை இருத்தி, ஒரு ரீயும் தந்து, கால் மணித்தியாலம் கதைப்பார். அதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார்கள். எங்கட பக்ரறியில் விரல் வெட்டினால்தான் இருக்கச் சொல்வார்கள்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. நிர்வாகக் குழுவில் எங்கள் மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆட்களை வைத்துத்தான் திட்டம், ஆட்களைக் கேட்டு இல்லை. சொல்லிப் பார்த்தேன், எழுதிக்கொண்டார்கள்.

போகிற அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஜி.பி. டொக்டரிடம் பதிய விசா தேவையில்லை. பாஸ்போட்டும் வீட்டு முகவரிக் கடிதமும் இல்லையென்று பதியாமல் விட முடியாது. வரவேற்பில் நிற்கிற பிள்ளை இல்லையென்றால் திரும்பி வராதேங்கோ, எங்களுக்கு ரெலிபோன் எடுங்கோ. ஆஸ்பத்திரிக் கதை வேறு. அகதி வழக்கு நடக்கிறவர்களுக்குக் காசில்லை. நிராகரிக்கப்பட்ட சிலருக்கு பில் வரலாம், அதனால் கேட்டுவிட்டுப் போங்கோ. அவசரப் பிரிவில் பார்ப்பதற்குக் காசில்லை, வார்ட்டில் மறித்தால்தான் அந்தப் பிரச்சினை. நெஞ்சு நோவோடு பில்லுக்குப் பயந்து வீட்டில் படுத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு பேர் தேவை. ஆண்பிள்ளை ஒருவர் கட்டாயம் வேண்டும், சில ஐயாமார் என்னிடம் சொல்ல வெட்கப்படுகினம். இங்கிலிஸ் பட்டம் தேவையில்லை, பயிற்சி தருவார்கள். பெயர் தருகிறவர்கள் ரீ குடிக்கிற நேரம் வாசலடியில் என்னிடம் தாருங்கோ.