கலெக்டர் ஆபீசும் கவுன்சிலர் வீடும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். எனவே தெரிந்ததையே பேசுகிறேன். நம் மாவட்டத்தை யார் நடத்துகிறார்கள்?

இரண்டு ஏணிகள் இருக்கின்றன. ஒன்று மேலிருந்து இறங்குவது: கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. பட்டா, சாதிச் சான்று எல்லாம் இந்த வழி. மற்றொன்று நம் ஓட்டில் நிற்பது: கிராமத்தில் ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, நகரத்தில் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை இந்த வழி. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவர் பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் போகணும், சாக்கடை அடைச்சா கவுன்சிலரைத் தேடணும்.

முதல் ஏணி அறுந்ததே இல்லை. 1763-ல் ஆற்காடு நவாப் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம். நீண்ட காலம் சைதாப்பேட்டையில் இருந்த தலைநகரம் 1968 ஜூலையில் காஞ்சிக்கு வந்தது. 1997-ல் திருவள்ளூர் பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரிந்தது. நமக்கு மிஞ்சியவை ஐந்து தாலுகாக்கள். அவற்றில் குன்றத்தூர்ப் பக்கம் இன்று சென்னையின் புறநகர். வரைபடம் எத்தனை முறை மாறினாலும் கலெக்டர் நாற்காலி ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

இரண்டாவது ஏணி அப்படியல்ல. காஞ்சி நகராட்சி 1866-ல் வந்தது. வெள்ளையர் காலத்து ஜில்லா போர்டு சாலை, ஆஸ்பத்திரி, உயர்நிலைப் பள்ளி எல்லாம் நடத்தியது. 1958-ம் வருடச் சட்டம் அதை எடுத்துவிட்டு ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. 1994-ம் வருடச் சட்டத்தால் மாவட்ட ஊராட்சி என்று ஒன்று வந்தாலும், அதற்குப் பெரும்பாலும் ஆலோசனை சொல்கிற வேலைதான்.

2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டக் கிராமங்கள் ஓட்டுப் போட்டன. புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வார்டு வரையறையை முடித்த பிறகே தேர்தல் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் நாம் காத்திருந்தோம். நம் கிராமங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். அதே ஆண்டு மாநகராட்சியான காஞ்சி நகரம், 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டது. ஐந்து வருடம் தனி அலுவலர் ஆட்சி! ஒரே அதிகாரி பல ஊராட்சிகளைப் பார்க்கவேண்டிய நிலை.

அந்த நாளில் ஒரு நெசவாளர் தெருவிளக்குக்காக மனு கொண்டுவந்தார். “தலைவர் இருந்திருந்தா டீக்கடையிலேயே புடிச்சுக் கேட்டிருப்பேன் சார். உங்களைப் பார்க்க வந்ததுல அரை நாள் தறி நின்னுபோச்சு” என்றார். அதிகாரி நல்லவரா கெட்டவரா என்பதல்ல பிரச்சினை. அவரை டீக்கடையில் பிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இல்லை. முதலாம் பராந்தகன் காலம்; 919, 921. நிலமும் கல்வியும் உடைய சிலருக்கான தேர்தல்தான் அது. குடவோலையை எல்லோரும் சொல்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வரக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்வதை யாரும் சொல்வதில்லை.

கணக்குக் கேட்க இன்றைக்கும் இடம் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராமசபை நாட்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நண்பர்களே, கருடசேவைக்கு லீவு போட்டு வருகிறீர்கள், சந்தோஷம். அடுத்த முறை ஒரு கிராமசபைக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். சொந்த ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, “போன வருஷக் கணக்கை வாசிங்க” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.