மதுவிலக்கு மேடையும் மருந்தறையும்

(பதுளையில் ஆசிரியர்களும் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதுவிலக்கைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். குடியின் கேட்டை எடுத்துரைத்தல் எளிது. ஆண்டுக் கணக்கில் அதனையே நான் செய்துவந்தேன். இந்நாட்டில் அது பழைய மரபுங்கூட. 1912 ஆம் ஆண்டின் கலால் சட்டத்தை எதிர்த்து ஊர்தோறும் மதுவிலக்குச் சங்கங்கள் எழுந்தன. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் பதுளைக்கும் வந்தார். அந்தச் சுற்றுப்பயணத்திலே தோட்டத் தொழிலாளரிடம் அவர் வேண்டிக்கொண்டவற்றுள் ஒன்று, குடியை விடுங்கள் என்பது. அம்மரபின் கடைசி வரிசையில் நின்று தொண்டை வறளப் பேசியவன் நான். இன்று அப்பேச்சைத் திரும்பப் பேச வரவில்லை. என் பிழை ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1996 ஆம் ஆண்டு, ஆடி மாதம். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோவில் முன்றலில் கூட்டம். பேசி முடித்ததும் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர் முன்னே வந்தார். விடியற்காலையில் பெரட்டுக்கு வருமுன் ஒரு மிடறு சாராயம் உள்ளே போனால்தான் கத்தி பிடிக்கும் கை நடுங்காதிருக்கும் என்று லயம் முழுவதும் அறிந்த மனிதர். கதிர்காம யாத்திரைக்கு விரதம் பூணப் போவதாகவும், அன்றோடு குடியை விட்டதாகவும் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். நான் அவர் கையைப் பிடித்து உயர்த்தினேன். கூட்டம் கைதட்டிற்று.

மறுநாள் உடல் நடுங்கிற்று, உணவு இறங்கவில்லை. இரண்டாம் நாள் இரவு வலிப்புக் கண்டது. மூன்றாம் நாள், சுவரெல்லாம் பாம்பு ஊர்கிறது என்று அலறினார். மனைவியை இன்னாரென்று தெரியவில்லை. விரதத்தில் ஏதோ குற்றம், முனி அடித்துவிட்டது என்றனர் லயத்தார், உடுக்கடித்தனர். எனக்கும் ஆள் வந்தது. போய்ப் பார்த்து, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும்படி உபதேசித்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்: "குடிச்சுக்கிட்டு இருந்தப்ப உசுரோட இருந்தாரு மாஸ்டர். நீங்க சொன்னதைக் கேட்டு விட்டாரு, போயிட்டாரே. அது எப்படி?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. பின்னர் வைத்தியர்களிடமும் நூல்களிடமும் கேட்டறிந்த விடையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மது, மூளையை அமர்த்தும் பொருள். நாள்தோறும் அதனைப் பெறும் மூளை, அதற்கு ஈடாகத் தன் வேகத்தை உயர்த்திக்கொள்கிறது. மரக்கறி மூட்டை ஏற்றிய லொறி ஹப்புத்தளை இறக்கத்திலே பிரேக்கின் பிடியில் இறங்குவதை நீங்கள் அறிவீர்கள். நடுவழியில் அந்தப் பிரேக்கைப் பிடுங்கிவிட்டால் யாதாகும்? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது நிகழ்வது அதுவே. சில மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும்; முதல் இரண்டு நாட்களுள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சித்தம் கலங்கி, இல்லாத பாம்பும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிடின் இந்நிலையை அடைந்தோரில் மூவரில் ஒருவர் வரை மாண்டதுண்டு என்று மருத்துவ நூல்கள் கூறும். சிகிச்சை பெற்றால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அந்தச் சிகிச்சை ஏதோ அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வரவேண்டிய அதிசயமா? அன்று! டயசிபாம் வகை மாத்திரையை வைத்தியர் மேற்பார்வையில் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பது. தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தை ஊசியாக ஏற்றுவது. உப்பும் நீரும் குறையாமல் பார்த்துக்கொள்வது. இவையெல்லாம் மலிவான பழைய மருந்துகள். என் கையால் சத்தியம் வாங்கிய மனிதருக்கு வேண்டியிருந்தவை இவ்வளவே.

இதைக் கேட்டு, குடிப்பதே மேல் என்று எவரும் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்! தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் குடிப்பவர் எல்லாருக்கும் இந்த ஆபத்து வருவதில்லை. காலையில் எழுந்ததும் மது இன்றிக் கை நடுங்குகிறவர், முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாதவர், விட வேண்டும் என்று விரும்பியும் விட முடியாதவர், இத்தகையோரே நோயாளிகள். கிரிபித் எட்வர்ட்ஸ், மில்ட்டன் குரோஸ் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் 1976 இல் இதனை 'மதுச் சார்பு' என்னும் நோய்க்கூட்டமாக வரையறுத்தனர். நாமோ 'குடிகாரன்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம்.

கொழும்பு வரை போகவேண்டுமா?

குடிநோய்க்குச் சிகிச்சை என்றால் அங்கொடைதானே என்பர். பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஒரு பகல் கழியும். பேருக்கு ஊதியம் வாங்கும் தொழிலாளிக்குப் போகும் நாளெல்லாம் பேர் இல்லை. அங்கொடையின் பெயரே பித்தர் என்ற முத்திரையைக் குத்திவிடும் என்ற அச்சம் வேறு. ஆகவே அவர் போகமாட்டார். போகாததற்காக நாம் அவரைத் திட்டுவோம்.

அதே எட்வர்ட்ஸ் 1977 இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. இலண்டனில் குடிநோயுற்ற, மணமான ஆடவர் 100 பேரை அவரது குழுவினர் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு அந்நாளில் கிடைத்த முழுச் சிகிச்சை. மற்றப் பிரிவுக்கு முதற் பரிசோதனைக்குப் பின், கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்து ஒரே ஒரு முறை தெளிவான ஆலோசனை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! உடல் நடுங்கும் நிலையிலுள்ளவருக்கு மருந்து கட்டாயம் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அப்பால், மனைவியையும் அருகில் வைத்துக்கொண்டு, அவர்கள் மொழியில், நிதானமாகப் பேசும் ஒரு மணி நேரத்துக்கு இத்துணை ஆற்றல் உண்டென்றால், அதைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் செய்யக் கூடாதா?

நம் முன்னோர் கப்பலேறி வந்த சீமையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1980 இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், 1989 முதல் சோழநாட்டு மஞ்சக்குடிக் கிராமத்தில் குடிநோய்ச் சிகிச்சை முகாம் நடத்தத் தொடங்கியது. நோயாளி நகரத்துக்குப் போகவில்லை. சிகிச்சை கிராமத்துக்கு வந்தது. குடும்பத்தாருக்கும் அங்கே வகுப்பு உண்டு. ஊராரும் முகாமுக்குத் தோள் கொடுத்தார்கள். காவிரிக் கரையில் முடிந்தது நமுனுகுல மலையடியில் முடியாதா?

விவசாயத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1995 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உபதேசம் அதனைக் குறைக்கவில்லை. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பின்னரே அத்தொகை மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. நஞ்சருந்திய ஆண்களில் பலர் அந்நேரம் குடித்திருந்தவர்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு வாங்கிய மருந்தைக் குடிப்பவர் இருக்கும் வீட்டின் கூரை இடுக்கில் செருகி வைக்காதீர்கள். பூட்டி வைத்து, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

அரசாங்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடுத்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதைத் தடுத்தது. நல்ல சட்டம். 2021 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்றாயிற்று. ஒரு போத்தல் சாராயத்தின் விலை அதற்கு மேல். வாங்க முடியாதவர் கசிப்புக்குப் போனார். தவறணையில் விற்கும் ஒவ்வொரு போத்தலிலும் வரி வாங்கும் திறைசேரி, அதில் ஒரு துளியை இந்நோயின் சிகிச்சைக்கென ஊவாவுக்குத் திருப்பித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

தொழிற்சங்கத் தலைவர்களை நேரே கேட்கிறேன். தீபாவளி முற்பணத்துக்குக் குரல் எழுப்புகிறீர்கள், எழுப்புங்கள். குடியை விடச் சிகிச்சைக்குப் படுக்கும் ஒரு வாரத்துக்குப் பேர் போடு என்று எந்தத் துரையிடமாவது கேட்டதுண்டா? தோட்ட வைத்திய உதவியாளருக்கு இந்நோயில் பயிற்சி கொடு என்று கேட்டதுண்டா?

உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்ட 10 வினாக்கள் உள்ளன. ஒருவரின் குடி எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். அவற்றின் பொருளைத் தமிழில் எழுதிப் படியெடுத்து வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். அடுத்த ஆடிக்கு விரதம் பூண எண்ணியிருப்பவர் எவரேனும் காலையில் கை நடுங்குபவராக இருந்தால், விரதம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே அவரை வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். துணைக்கு ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.