கொட்டியாரக் குடாவின் மறுகரையில் நாம் கற்ற மனரம்மியம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் வாசிக்கப்பட்ட உரை)



துன்ப காலத்தில் கிறிஸ்தவ மனநிறைவு என்ற பொருளில் பேசுமாறு விழாக்குழு எம்மைக் கேட்டது. இங்கு 'எம்மை' என்பது மேடை வழக்கத்துக்காகச் சொல்வதல்ல. 2009 மார்கழியில் கிளிவெட்டி முகாமுக்குப் போன எட்டுப் பேரும் கூடியிருந்து எழுதிய உரை இது. வாசிப்பது மட்டும் ஒருவர்.

எமது பழைய வேதாகமத்தில் இதற்கு ஓர் அழகான சொல் உண்டு: மனரம்மியம். பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் அது வருகிறது. சிறு வயதில் ஞாயிறு பாடசாலையில் நாம் அதை மனனம் செய்து பரிசும் வாங்கினோம். அந்தச் சொல்லோடுதான் அன்று கிளிவெட்டிக்குப் புறப்பட்டோம்.

இளைய மாணவிகளுக்காகச் சில விபரங்களைச் சொல்ல வேண்டும். நகரிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவின் மறுகரை வானம் தெளிந்த நாளில் மங்கலாகத் தெரியும். மூதூருக்கு லோஞ்சில் போய், அங்கிருந்து கிழக்கே போனால் சம்பூர். பத்திரகாளி அம்மன் கோயிலும் வயலும் மாடுகளும் உள்ள சைவக் கிராமம். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி அப்பகுதியில் விமானக் குண்டுகள் விழுந்தன. செப்டெம்பர் முற்பகுதியில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியபோது ஊரில் சனம் இல்லை. ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து மட்டக்களப்பு வரை போய்விட்டார்கள். 2007இல் அவர்கள் திருகோணமலை மாவட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகியிருந்தது. பின்னர் அனல் மின் நிலையம் என்றார்கள், முதலீட்டு வலயம் என்றார்கள். கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் தகரக் கொட்டில்களில் சனம் காத்திருந்தது. சொந்த ஊருக்குப் போகும் தூரம் அதிகமில்லை. போகத்தான் விடவில்லை.

நத்தார் அண்மித்த நாள். வேன் ஒன்றில் பால்மா, பயறு, சீனி, கொப்பிகள், பிள்ளைகளுக்குச் சட்டைகள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். பொதிகளைக் கொடுப்பதற்கு முன் எம்மில் ஒருவர் பத்து நிமிடம் பேசினார். பவுல் சிறையில் இருந்தபோதும் மனரம்மியமாக இருந்தார், நீங்களும் உள்ளதைக் கொண்டு மனம் அமைந்திருந்தால் கடவுள் சமாதானம் தருவார் என்ற மாதிரியான பேச்சு. பேசியவர் நல்ல மனதோடுதான் பேசினார். நாமும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

முன்வரிசையில் நிலத்தில் இருந்த ஓர் ஆச்சி கையைக் காட்டினா. "மகள், அந்தக் கடிதம் எழுதினவர் மறியலுக்குள்ள இருந்து எழுதினவர் எண்டு சொன்னீங்க. அவர் தனக்கெண்டு சொன்னது அது. நீங்க வேனில வந்து எங்களுக்குச் சொல்றீங்க." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கில் பிழை இருப்பதைக் காட்டுவதுபோலச் சொன்னா. பிறகு பொதியை வாங்கிக்கொண்டு, "போட்டு வாங்க, மழை வரப்போகுது" என்று எம்மை அனுப்பியும் வைத்தா.

திரும்பி வரும் வழியில் வேனுக்குள் ஒருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான் நிருபத்தை எடுத்து மறுபடி வாசித்தோம். ஆச்சி சொன்னது சரி. பவுல் அங்கே யாருக்கும் கட்டளை இடவில்லை. பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில், குறைவிலும் நிறைவிலும் இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகத் தன்னைப் பற்றிச் சொல்கிறார். கற்றுக்கொண்டேன் என்பதுதான் அங்குள்ள வினை. பிறவிக் குணம் என்று அவர் சொல்லவில்லை. தருமம் கொடுத்தவர்களைப் பார்த்து, வாங்கியவர் சொன்ன சொல் அது. நாமோ கொடுக்கப் போன இடத்தில், வாங்குபவருக்கு அதைச் சொல்லிவிட்டு வந்தோம்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். பவுலுக்கும் அதே பிலிப்பி பட்டணத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம். அவரையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிச் சிறையில் வைத்தார்கள். நள்ளிரவில் இருவரும் பாடினார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. இது வரைக்கும் எமக்கு நன்றாகத் தெரியும், பாட்டும் படித்திருக்கிறோம். விடிந்தபின் நடந்ததை ஏனோ எமக்கு யாரும் அழுத்திச் சொல்லித் தரவில்லை. அதிகாரிகள், போகலாம் என்று ஆளனுப்பினார்கள். பவுல் போக மறுத்தார். ரோமக் குடிகளாகிய எங்களைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்றார். அவர்களும் வந்தார்கள். சங்கிலியோடு பாடிய அதே மனிதர்தான் காலையில் தன் உரிமையைக் கேட்டு நின்றார். இதில் ஒரு முரண்பாட்டை அவர் காணவில்லை.

இந்த அதிகாரத்துக்கும் எமது குடாவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1660இல், புயலில் பாய்மரத்தை இழந்திருந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கண்டி அரசனின் ஆட்கள் கப்பித்தானையும் வேறு சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் கப்பித்தானின் மகன், பத்தொன்பது வயது ரொபேட் நொக்ஸ். மூதூரில் அந்த மரம் நின்ற இடத்துக்கு எம்மில் பலர் பாடசாலைச் சுற்றுலாவில் போயிருக்கிறோம். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகனும் காய்ச்சலில் கிடந்தபடியே அடக்கம் செய்தார். ஒரு நாள் ஆற்றில் மீன் பிடிக்கப் போனபோது, வழியில் வந்த ஒரு முதியவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருப்பதை அறிந்தார். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பு கைமாறிய காலத்தில் அந்த முதியவரின் கைக்கு வந்த புத்தகம். கையால் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கினார். திறந்தபோது கண்ணில் பட்ட பக்கம் இதே பதினாறாம் அதிகாரம். சிறைக்காவலன் பவுலிடம் கேள்வி கேட்கும் இடம்.

அதன்பின் தொப்பி பின்னியும் நெல்லைக் கடன் கொடுத்தும் வீடு கட்டித் தோட்டம் வைத்தும் அவர் அமைதியாகத்தான் வாழ்ந்தார். கடவுள் தன்னைக் கைவிடவில்லை என்று 1681இல் இலண்டனில் வெளிவந்த தன் நூலில் எழுதுகிறார். அப்படி அமைதியாக இருந்துகொண்டே தப்பிப் போக வழியும் தேடினார். 1679இல் காடு வழியாக நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் ஒரு பிரசங்கத்துக்கு நல்ல உதாரணம். ஆனால் ஊருக்குத் திரும்பிய நொக்ஸ் பிறகு கப்பலோட்டி, மடகஸ்கார் பக்கம் அடிமை வியாபாரத்திலும் ஈடுபட்டார். ஏறத்தாழ இருபது வருடம் சிறைப்பட்டிருந்தவர் மற்றவர்களைச் சங்கிலியில் ஏற்றினார். தன்னளவில் மனரம்மியம் கண்டவருக்குப் பிறர் நோவு தெரியாமல் போகவும் கூடும் என்பதற்கு அவரும் சாட்சி. ஆச்சியின் கேள்விக்குப் பின்னர் அவரைக் குறை சொல்ல எமக்கு அதிகம் வாய் வரவில்லை.

எமது சங்கத்திலேயே வேறு மாதிரியான ஒருவரை நாம் கண்டிருக்கிறோம். பெயரைச் சொன்னால் அவ விரும்பமாட்டா. 1990இல் கணவனை இழந்து, பிள்ளைகளோடு வள்ளத்தில் தமிழகத்துக்குப் போய், ஒரு முகாமில் பல வருடம் இருந்த எமது பழைய மாணவி, பின்னாளில் ஆசிரியை. வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தா. அவவின் கடிதங்களில் ஒரு முறைப்பாடும் இராது. இன்று கத்தரிக்காய் மலிவு, கீர்த்தனைப் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது, மற்றப்படி சுகம் என்றுதான் இருக்கும். ஆனால் பக்கத்துக் குடிசைக்காரிக்கு அரிசி நிறுவை குறைந்தால் தராசுக்காரனை விட்டுவைக்கமாட்டா என்று கூட இருந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். தனக்குப் போதும் என்றா. அடுத்தவளுக்குப் போதும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. பவுலை ஒழுங்காக வாசித்தவ எம்மில் அவதான் என்று இப்போது நினைக்கிறோம்.

ஆச்சியிடம் நாம் அடுத்த மாதமும் போனோம். பிறகும் போனோம். பேச்சு இல்லை, பாயில் இருந்து பிளேன்ரீ குடிப்பது, கடிதம் எழுத வேண்டியிருந்தால் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை மனு எழுதினோம் என்று கணக்கில்லை. ஒரு நாள் கொட்டிலின் மூலையிலிருந்து ஒரு பால்மா ரின்னை எடுத்துத் திறந்தா. பொலித்தீனில் சுற்றி உள்ளே காணி உறுதி. வாகரையில் ஷெல் விழுந்தபோதும் அதை இடுப்பிலேயே கட்டியிருந்தாவாம். கொட்டில் வாசலில் முருங்கையும் பூசணியும் நட்டிருந்தா. "இஞ்ச இருக்கிற வரைக்கும் காய்க்கட்டும்" என்றா. ஆனால் கிணறு ஒன்று வெட்டலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டா. கிணறு ஊரில் இருக்கிறதாம்.

எரேமியாவை நாம் அன்றிரவே வாசித்தோம். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார், பகைவன் கையில் விழப்போகும் ஆனதோத்தில் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து ஒரு வயலை வாங்குகிறார். உறுதிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். முப்பத்திரண்டாம் அதிகாரம். முன்பு வேகமாகக் கடந்துபோகும் அதிகாரமாக இருந்தது.

2015 ஓகஸ்டில் 818 ஏக்கர் மக்களிடம் திரும்பியது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் விடப்பட்டது. அனல் மின் நிலையத் திட்டமும் அவ்வருடம் கைவிடப்பட்டது. ஆச்சியின் வளவு இரண்டாவதாக விடப்பட்ட நிலத்தில் இருந்தது. ஆனால் ஆச்சி 2013இலேயே முகாமில் மோசம்போய்விட்டா. எரேமியாவும் அந்த வயலில் ஏர் பூட்டியதாக வேதத்தில் இல்லை. அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆச்சி மனரம்மியத்தோடு போனாவா என்று எம்மிடம் சிலர் கேட்கிறார்கள். அவ கிறிஸ்தவ மார்க்கத்தவ அல்ல, எங்கள் சொல்லை அவவுக்குப் பொருத்துவதற்கு எமக்கு உரிமையுமில்லை. கடைசி வாரம் பார்த்தபோது, பூசணி இந்த முறை பிந்திவிட்டது என்று கவலைப்பட்டா. ரின்னை மகளிடம் கொடுத்துவிட்டிருந்தா.

மகள் இப்போது சம்பூரில் இருக்கிறா. வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது. கிணறு தூர்ந்துபோயிருந்தது, இறைத்து எடுத்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் சவர்தான், ஆனால் குளிக்கலாம். தென்னங்கன்றுகள் வைத்திருக்கிறா.

இன்றைய காணிக்கை, சம்பூரிலும் கூனித்தீவிலும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கணித வகுப்புக்கும் அவர்களின் பஸ் காசுக்கும் போகிறது. அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பாடசாலை வாசலில் இருந்து வாகனம் புறப்படும். பத்து இடம் இருக்கிறது. வருபவர்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள், மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். மகளுக்கு வேலை வைக்கக் கூடாது.